ஸ்கவுட் சார் பதில்கள்: இடது கையும் கருகிப்போன குண்டானும்

போன மாசம் கேம்ப், மழை, சளின்னு அலைஞ்சதுல பதில் எழுத முடியல, அதுக்குள்ள கேள்விங்க ஒரு கட்டப்பை நிறைய சேர்ந்து போச்சு. எங்க ஸ்கவுட் ட்ரூப், அதான் சாரணர் படை, பெங்களூர் அல்சூர்ல ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்கு கூடும்னு தெரிஞ்சவங்க நேர்லயே வந்து புடிச்சு கேட்டுட்டு போயிடறாங்க, மத்தவங்களுக்கு இங்க.

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு. அவன் ஃப்ரெண்டு உங்க ட்ரூப்ல இருக்கான்னு இவனும் சேரணும்னு ஒரே அடம். ஞாயித்துக்கிழமை காலைல மேத்ஸ் ட்யூஷன் இருக்கு சார். அதை விட்டுட்டு அங்க வந்து அப்படி என்னதான் கத்துப்பான்?
ஒரு அம்மா, காக்ஸ் டவுன்

ட்யூஷனை விட சொல்லவே மாட்டேன்மா, டைமை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க, நாங்க 9 மணிக்கெல்லாம் விட்டுடுவோம். 10 வயசு முடிஞ்சா ஸ்கவுட்ல சேரலாம், அதுக்கு கீழ இருக்கிற வாண்டுங்களுக்கு 'கப்'னு தனிப் பிரிவு. என்ன கத்துப்பான்னு கேட்டா, முதல் நாள் ஒண்ணும் கத்துக்க மாட்டான், கொடி ஏத்தறப்ப எந்தப் பக்கம் பாக்கணும்னு தெரியாம முழிப்பான், கையில ஒரு கயித்தை குடுத்தா அதை வச்சு பக்கத்துல இருக்கிறவனை அடிப்பான்.

விஷயமே பேட்ரோல்ல தான் இருக்கு. 6லேருந்து 8 பசங்க சேர்ந்தா ஒரு பேட்ரோல், அதுக்கு தலைவன் நான் கிடையாது, 13 வயசோ 14 வயசோ ஆன ஒரு பையன். யாரு தண்ணி கொண்டு வரணும், யாரு கயிறு, யாரு ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ், யாரு லேட்டா வந்தா என்ன பண்றது, எல்லாம் அவன் தலைவலி. என் வேலை வாயை மூடிட்டு பின்னாடி நடக்கறது, சொன்னா நம்ப மாட்டீங்க, 30 வருஷமா நான் இன்னும் சரியா கத்துக்காதது அது ஒண்ணுதான்.

ரெண்டு வாரம் முன்னாடி சோமேஸ்வரர் கோயில் வாசல்லேருந்து அல்சூர் ஏரிக்கரை வரைக்கும் காம்பஸ் பாத்து போங்கடான்னு விட்டேன், கூப்பிடு தூரம், கண்ணை மூடிட்டு போற இடம், ஆனா காம்பஸ் சொல்றபடிதான் போகணும்னு கண்டிஷன். பேட்ரோல் லீடர் ரொம்ப சின்சியரா மேப் இருந்த ஃபோன் மேலயே காம்பஸை வச்சு பாத்திருக்கான், ஃபோன் ஸ்பீக்கர்ல காந்தம் இருக்கு இல்லையா, முள்ளு அது பாட்டுக்கு திரும்பிடுச்சு, வடக்குன்னு நெனச்சு மேக்கால போய் மொத்த கும்பலும் ட்ரினிட்டி சர்க்கிள்ல நிக்குது. நான் பின்னாடி பல்லை கடிச்சிட்டு நடந்தேன். அங்க ஒரு டீக்கடைக்காரர் கிட்ட வழி கேட்டு, திரும்பி வர்ற வழியில அவங்களே சண்டை போட்டு, ஃபோனை பைக்குள்ள போட்டதும் முள்ளு மாறுதுன்னு ஒரு பொடியன் கண்டுபுடிச்சான் பாருங்க, அதை நான் போர்டுல எழுதி சொல்லிக் குடுத்திருந்தா அன்னிக்கு சாயங்காலமே மறந்திருப்பான். அனுப்பி வைங்கம்மா. ஆனா நீங்க கேட்டுக்கு வெளியவே நிக்கணும், தண்ணி பாட்டில் குடுக்கறேன்னு உள்ள வரக்கூடாது.

கேள்வி: எனக்கும் என் மச்சானுக்கும் பந்தயம் சார். இந்தியாவுல ஸ்கவுட் முதல்ல ஆரம்பிச்சது மெட்ராஸ்லதான்னு அவன் சொல்றான், அவன் சென்னைக்காரன், எதை கேட்டாலும் மெட்ராஸ்தான் ஃபர்ஸ்டும்பான். நான் பெங்களூருன்னு சொன்னேன். யாரு ஜெயிச்சா?
ஒரு வாசகர், ஸ்ரீராம்புரம்

நீங்கதான் ஜெயிச்சீங்க, ஆனா பந்தயக் காசுல பாதி மச்சானுக்கு குடுத்துடுங்க. 1907ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல, ஸ்கவுட்டை ஆரம்பிச்ச பேடன் பவல் 20 பசங்களை வச்சு ஒரு வாரம் கேம்ப் போட்டு பாத்தாரு, அடுத்த ரெண்டே வருஷத்துல, 1909ல, கேப்டன் பேக்கர்னு ஒருத்தர் நம்ம பெங்களூர் பிஷப் காட்டன் ஸ்கூல்ல ட்ரூப் ஆரம்பிச்சுட்டாரு. நீங்க பஸ்ல டெய்லி தாண்டிப் போற அதே காம்பவுண்டு சுவர்தான். ஆனா அப்போ அது வெள்ளைக்கார வீட்டு பசங்களுக்கும் ஆங்கிலோ இந்தியன் பசங்களுக்கும்தான், நம்ம பசங்களை சேத்துக்கல.

அந்தக் கோவத்துலதான் 1916ல அன்னி பெசன்ட் அம்மாவும் அருண்டேலும் மெட்ராஸ்ல இந்தியப் பசங்களுக்குன்னே தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, தொப்பிக்கு பதிலா தலைப்பாகை, பாட்டு நம்ம பாட்டு. வடக்கே மாளவியா, குன்ஸ்ரு இவங்கெல்லாம் சேவா சமிதின்னு ஒரு ஸ்கவுட் அமைப்பு நடத்தினாங்க. 1921ல பேடன் பவலே இந்தியா வந்து பாத்துட்டு போனாரு. இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் இருந்ததெல்லாம் சுதந்திரத்துக்கு அப்புறம் 1950 நவம்பர் 7ம் தேதி ஒண்ணா சேந்து பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் ஆச்சு, வருஷா வருஷம் நவம்பர்ல எங்க பசங்க சின்னதா ஒரு கொடி ஸ்டிக்கர் கொண்டாந்து உங்க சட்டைல ஒட்டி காசு கேப்பாங்களே, அது இதுக்குத்தான். ஆக முதல் ட்ரூப்பு பெங்களூரு, ஆனா நம்ம பசங்களுக்குன்னே தனியா ஆரம்பிச்சதுல மெட்ராஸுக்கும் பங்கு இருக்கு. பந்தயம் பிரியாணின்னா எனக்கும் சொல்லி அனுப்புங்க.

கேள்வி: என் பேரன் ஸ்கவுட்டுக்கு போக ஆரம்பிச்சதுலேருந்து யாரைப் பாத்தாலும் இடது கையை நீட்டறான். வீட்டுக்கு வந்த சம்பந்தி கிட்டயும் நீட்டிட்டான், அவர் மொகம் போன போக்கு இருக்கே. இதெல்லாமா சொல்லிக் குடுக்கறது?
ஒரு பாட்டி, ஜீவன்பீமா நகர்

பாட்டிம்மா, தப்பு என் மேலயும் இருக்கு, அது ஸ்கவுட்டும் ஸ்கவுட்டும் பாத்துக்கறப்ப மட்டும்தான்டான்னு அழுத்தி சொல்லாம விட்டுட்டேன். வீட்டுக்கு வர்றவங்களுக்கு ரெண்டு கையும் சேத்து வணக்கம்தான், இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரையும் நிக்க வச்சு சொல்லிட்டேன்.

ஏன் இடது கைன்னா அதுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. பேடன் பவல் 1896 வாக்குல ஆப்பிரிக்காவுல அசாந்தி ஜனங்க இருக்கிற பக்கம் போனப்ப, அங்க ஒரு தலைவர் இடது கையை நீட்டினாராம். என்னன்னு கேட்டா, வலது கையில ஈட்டி, இடது கையில கேடயம், கேடயத்தை கீழ வச்சுட்டு கை குடுத்தா நான் உன்னை முழுசா நம்பறேன்னு அர்த்தம், அதனால ரொம்ப தைரியசாலிங்கதான் இடது கையை குடுப்பாங்கன்னு சொன்னாராம். நெஞ்சு இருக்கிற பக்கம்னு இன்னொரு விளக்கமும் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல இடது கையால விபூதி கூட வாங்க மாட்டோம், எனக்கே சின்ன வயசுல எங்க அப்பா கிட்ட இதுக்கு ஒரு அறை விழுந்திருக்கு, அதனால உங்க கோவம் எனக்கு புரியுது. சம்பந்தி கிட்ட கேடயம் கதையை சொல்லிப் பாருங்க, பேரன் அவரை முழுசா நம்பறான்னு சொன்னா குளிர்ந்துடுவாரு.

கேள்வி: தொட்டபள்ளாபூர் கேம்ப்புக்கு என் மாமியார் எனக்கு குடுத்த எவர்சில்வர் குண்டானை குடுத்து அனுப்பினேன், அடியெல்லாம் அட்டக்கரியா வந்திருக்கு, உள்ள என்னமோ ஒட்டிட்டு இருக்கு. பையனோட சட்டை பேண்ட் எல்லாம் செம்மண்ணு. பெரியவங்க நாலு பேரு இருந்தீங்களே சார், ஒரு கேட்டரிங்காரரை ஏற்பாடு பண்ணக் கூடாதா? மழையில பசங்களை இப்படியா விடறது?
ஒரு அம்மா, ஃப்ரேசர் டவுன்

முதல்ல குண்டானுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன்மா. பழைய பாத்திரமா குடுங்கன்னு லிஸ்டுல போட்டிருந்தேன், சரி விடுங்க.

விறகடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி பாத்திரத்துக்கு வெளிப்பக்கம் மண்ணை குழைச்சு பூசணும், நம்ம பாட்டிங்கெல்லாம் செஞ்சதுதான், சமைச்சு முடிச்சதும் கழுவினா கரி அந்த மண்ணோட போயிடும். இதை முதல் நாள் காலைலயே சொன்னேன். உங்க பையன் பேட்ரோல்ல பூசற வேலை யாருதுன்னு ரெண்டு பேருக்கு சண்டை, சண்டை முடியறதுக்குள்ள மூணாவது ஒருத்தன் குண்டானை அடுப்புல ஏத்திட்டான். உள்ள ஒட்டிட்டு இருக்கிறது அரிசி உப்புமா, மதியம் 12 மணிக்கு உப்புமாவா ஆரம்பிச்சு 2 மணிக்கு கஞ்சியா முடிஞ்சுது. நானும் அதைத்தான் சாப்பிட்டேன், ஊறுகாய் இருந்ததால இறங்குச்சு.

கேட்டரிங் வச்சிருந்தா நல்லா சாப்பிட்டிருப்பாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஈர விறகுல எப்படி தீ மூட்டறதுன்னு அந்த ரெண்டு மணி நேரத்துலதான் கத்துக்கிட்டாங்க, மேல நனைஞ்சிருந்தாலும் பொளந்தா உள்ள காஞ்சிருக்கும், அந்த உள் கட்டையை கத்தியால சீவி சீவி எடுத்து, கொட்டாங்குச்சிய அடியில வச்சு, ஊதி ஊதி கண்ணெல்லாம் செவந்து போய். ராத்திரி சாப்பாடு 8 மணிக்கு ரெடி, சாம்பார்ல உப்பு கூட இருந்துச்சு, அவ்ளோதான்.

மழை விஷயத்துக்கு வர்றேன். எங்க டெண்ட் பழைய காடாத்துணி டெண்ட், கயிறும் பருத்தி கயிறு. நனைஞ்சா இந்த கயிறு சுருங்கும், சுருங்கி இழுத்து தரையில அடிச்ச முளையை புடுங்கிடும், டெண்ட் மொத்தமா படுத்துக்கும். அதனால மழை வந்ததும் யாராச்சும் எழுந்து போய் எல்லா கயித்தையும் கொஞ்சம் லூஸ் பண்ணணும். அப்புறம் உள்ள இருந்து டெண்ட் துணிய கையால தொடக்கூடாது, தொட்ட எடத்துல தண்ணி ஒழுக ஆரம்பிச்சுடும். நான் ராத்திரி 2 மணிக்கு சத்தம் கேட்டு டார்ச்சோட வெளிய வர்றேன், உங்க பையன் தலையில ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கிட்டு மண்ணுல முட்டி போட்டு அவங்க டெண்ட் கயித்தை தளர்த்திட்டு இருக்கான், அது முடிஞ்சு பக்கத்து டெண்டுக்கும் போறான், அது வேற பேட்ரோல், அவங்க உள்ள குறட்டை. நான் வந்ததை அவன் பாக்கல, நானும் சொல்லல, திரும்பி போய் படுத்துட்டேன். அந்த சட்டைல இருக்கிற செம்மண்ணு அதுதான்மா. இதை அவன் உங்க கிட்ட சொல்லியிருக்க மாட்டான்னு நினைக்கிறேன்.

குண்டானை அவனையே தேய்க்க சொல்லுங்க, அடியில சோடா உப்பு பூசி ராத்திரி ஊற வச்சு, காலைல புளியும் நாரும் போட்டு. முழுசா போகாது. பாதி போகும்.

கேள்வி: நாங்க மதுரைலேருந்து வந்து ஆறு மாசம்தான் ஆகுது. பொண்ணுக்கு கன்னடமும் வராது ஹிந்தியும் வராது. சேத்துக்குவீங்களா?
ஒரு அப்பா, ஒயிட்ஃபீல்ட்

தாராளமா சேத்துக்குவோம் சார். ப்ரேயரும் கொடிப்பாட்டும் நாடு முழுக்க ஹிந்திதான், அதை அர்த்தம் தெரியாமயே நாலு வாரத்துல பாடிடுவா, எங்க பாதி பசங்க அப்படித்தான், அர்த்தத்தை அப்புறமா எழுதி ஒட்டி வைப்போம். மத்தபடி எங்க ட்ரூப்ல தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எல்லாம் கலந்து ஒரு பாஷை ஓடும். 'ஹக்க கொடுடா ஜல்தி'ன்னு ஒருத்தன் கத்தினான், ஹக்கன்னா கன்னடத்துல கயிறு, அந்த வாக்கியத்துல மூணு பாஷை இருக்கு, எல்லாருக்கும் புரிஞ்சுது, கயிறும் வந்துச்சு.

கேள்வி: பொண்ணுங்க ஸ்கவுட்ல சேர முடியாதா அங்கிள்? எங்களுக்கு ஏன் கைட்னு வேற பேரு?
7ம் வகுப்பு மாணவி, விவேக்நகர்

நல்லா கேட்டம்மா. 1909ல லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ்ங்கிற எடத்துல பசங்களோட பெரிய ஸ்கவுட் கூட்டம் நடந்தப்ப, யாரும் கூப்பிடாமயே சில பொண்ணுங்க அவங்களே யூனிஃபார்ம் மாட்டிட்டு வந்து நின்னு எங்களையும் சேத்துக்கோங்கன்னாங்க. அதுக்கப்புறம்தான் 1910ல கைட்ஸ் வந்தது, பேடன் பவலோட தங்கச்சி ஆக்னஸ்தான் ஆரம்பத்துல பாத்துக்கிட்டாங்க. நம்ம நாட்டுல முதல் கைட் கம்பெனி 1911ல ஜபல்பூர்ல, கைட்ஸ்ல ட்ரூப்னு சொல்ல மாட்டாங்க, கம்பெனிம்பாங்க. பேருதான் வேற, முடிச்சு, கேம்ப், அடுப்பு, மழை எல்லாம் ஒண்ணுதான். அடுப்பு மூட்டறதுல எங்க கைட்ஸ் பொண்ணுங்க, பசங்களை விட 20 நிமிஷம் ஃபாஸ்ட், இதை பசங்க முன்னாடி சொல்ல மாட்டேன், இங்க எழுதிட்டேன்.

கேள்வி: ராஷ்டிரபதி அவார்டு வாங்கினா மார்க் கிடைக்குமா, வேலை கிடைக்குமா?
பெயர் வேண்டாம், மர்ஃபி டவுன்

ரயில்வேல ஸ்கவுட்ஸ் கோட்டான்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு அவார்டு மட்டும் பத்தாது, வருஷக்கணக்கா ஆக்டிவா இருக்கணும், ஸ்டேட் லெவல், நேஷனல் லெவல் கேம்ப் போயிருக்கணும். அவார்டுக்கே ஒவ்வொரு படியா ஏறணும், பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய, த்ரிதீய, அப்புறம் கவர்னர் கையெழுத்து போடற ராஜ்ய புரஸ்கார், அதுக்கு மேலதான் ராஷ்டிரபதி. 10வதுல வந்து சேந்து 10வது முடிக்கறதுக்குள்ள வாங்கிக் குடுங்கன்னு கேக்கற அப்பாக்களுக்கு நான் டீ குடுத்து அனுப்பிடுவேன்.

கேள்வி: எங்க ஸ்கூல்ல ஸ்கவுட்டுன்னு யூனிஃபார்ம், ஸ்கார்ஃப், பெல்ட், ஷூன்னு காசு வாங்கினாங்க, வருஷம் முழுக்க ஆண்டு விழாவுல வாசல்ல நிக்க வச்சதோட சரி. யார் கிட்ட கேக்கறது?
ஒரு அம்மா, கே.ஆர்.புரம்

முதல்ல அங்க ஸ்கவுட் மாஸ்டர் யாருன்னு கேளுங்க, அவரு ட்ரெயினிங் முடிச்சவரான்னு கேளுங்க, பசங்க பேரு ஜில்லா ஆபீஸ்ல பதிவு ஆகியிருக்கான்னு கேளுங்க. இந்த மூணுக்கும் பதில் வரலன்னா பேலஸ் ரோட்டுல இருக்கிற ஸ்டேட் ஆபீஸ்ல போய் விசாரிங்க. விஐபிக்கு பூச்செண்டு குடுக்க யூனிஃபார்ம் போட்ட பசங்க வேணும்னு நெனைக்கிறவங்க நிறைய பேரு, அதுல எனக்கும் ரொம்ப வருஷமா எரிச்சல்.

கேள்வி: செப்டம்பர் 8ம் தேதி சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுல உங்க பசங்க தண்ணி குடுத்துட்டு இருந்ததை பாத்தேன், சந்தோஷமா இருந்துச்சு. கேள்வின்னு ஒண்ணும் பெருசா இல்ல, என் தம்பி பொண்ணு என் துப்பட்டாவையெல்லாம் முடிச்சு போட்டு வைக்கிறா, அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க.
ஒரு வாசகி, சிவாஜிநகர்

நீங்க தண்ணியைத்தான் பாத்தீங்க, அந்த கூட்டத்துல தொலைஞ்சு போற குழந்தைங்களை உக்கார வைக்கிற டேபிளும் எங்களுதுதான். காவித்துணி கட்டின ஜனங்க தலை தலையா வர்ற எடத்துல நாலு வயசு பையன் ஒருத்தன் அழுதுட்டு நிக்கறான், உங்க அம்மா பேரு என்னன்னா அம்மான்னு சொல்றான், அப்பா பேருன்னா அப்பாங்கறான். எங்க 12 வயசு ஸ்கவுட் ஒருத்தன் குனிஞ்சு, உங்க அப்பா அம்மாவை எப்படிடா கூப்பிடுவாருன்னு கேட்டான், பையன் டக்குனு 'புஜ்ஜி'ன்னான். மைக்குல 'புஜ்ஜி எங்கிருந்தாலும் உடனே வரவும்'னு மூணு வாட்டி போட்டாங்க, அந்தம்மா மொகத்தை முந்தானையால மூடிக்கிட்டே ஓடி வந்தாங்க, பின்னாடி வீட்டுக்காரர் வேற எங்கயோ பாத்துட்டு வந்தாரு.

முடிச்சுக்கு வர்றேன். அந்த பொண்ணு போடறது ரீஃப் நாட்டா இருக்கும், வலதை இடது மேல போட்டு ஒரு தடவை, அப்புறம் இடதை வலது மேல போட்டு ஒரு தடவை. ரெண்டு தடவையும் ஒரே பக்கமா போட்டா அது கிரானி, இழுத்தா வழுக்கும், இல்ல இறுகி அவுக்கவே வராது. சரியா விழுந்த ரீஃப் நாட் தட்டையா படுத்திருக்கும், அதனாலதான் கட்டு போடறதுக்கு அது, உடம்புல உறுத்தாது. உங்க துப்பட்டாவை முக்கோணமா மடிச்சு கையை தொங்கவிட்டு தோள் கிட்ட அதே முடிச்சு போட சொல்லுங்க, கை உடைஞ்சவங்களுக்கு அதுதான் முதல் உதவி, எங்க ஸ்கார்ஃபும் அதுக்குத்தான் அவ்ளோ பெருசு.

இன்னொண்ணு சொல்லணும். கம்பத்துல கயிறு கட்டற க்ளவ் ஹிட்ச்சை மத்த பசங்களுக்கு ரெண்டு வாரம் சொல்லிக் குடுத்தேன், ஒருத்தன் மட்டும் பாத்த உடனே போட்டுட்டான், எப்படிடான்னா எங்க அம்மா பூ கட்டறவங்க சார்ங்கறான். கண்ணி போட்டு விரல்ல திருப்பி இழுக்கற அந்த கை வேகம் இருக்கே, பாக்கவே அழகு. இப்ப முடிச்சு க்ளாஸ் அவன்தான் எடுக்கறான், நான் கீழ உக்காந்து கத்துக்கறேன்.

கேள்வி: அங்கிள் அடுத்த கேம்ப்புக்கு நானும் வர்றேன். ராத்திரி அங்க பேய் வருமா?
5ம் வகுப்பு மாணவன், அல்சூர்

பேய் இதுவரைக்கும் வரலடா கண்ணா. நாய் வந்துச்சு, ரெண்டு ப்ரெட் பாக்கெட்டும் என் ஒரு செருப்பும் போச்சு. சாப்பாட்டு சாமானை கயித்துல கட்டி மரத்துல தொங்க விடணும்னு அன்னிலேருந்து ரூல், இந்த தடவை அந்த வேலை உனக்கு. கயிறு மூணு மீட்டர் கொண்டா, நைலான் வேண்டாம்.